மலையகப் பாட்டின் கதை – 7: மெட்டு எழுதாத கொப்பிகள்

டிக்கோயாவில் டன்கெல்ட் என்றொரு தோட்டம் உண்டு. மஸ்கெலியாவைத் தாண்டி அப்கொட் பக்கம் போனால் ஸ்ட்ராத்ஸ்பே. இரண்டுமே ஸ்கொட்லாந்துப் பெயர்கள். காடு வெட்டிக் கோப்பி நட வந்த துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களையும் இங்கே நட்டுவிட்டுப் போனதைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த ஊர்களிலிருந்து வந்த பெயர்கள் நம் வாயில் தங்கிவிட்டன. அந்த ஊர்களின் பாட்டு நம் காதுக்கு வரவில்லை. ஆனாலும் அங்கே பாட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினால், நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் என்ன நேர்ந்தது என்பது துலக்கமாகத் தெரியும்.

ஸ்கொட்லாந்தின் டன்கெல்டுக்குப் பக்கத்தில் இன்வர் என்ற சிற்றூர். அங்கே வாழ்ந்தவர் நீல் கோ (1727–1807). நெசவுத் தொழில் பழகியவர். வயலினை எடுத்தபின் அந்நாடே அறிந்த கலைஞரானார். ஸ்ட்ராத்ஸ்பே என்பது அங்கே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர் மட்டுமில்லை, ஒரு நடனமெட்டு வகைக்கும் அதுதான் பெயர். நீல் கோவும் அவர் பிள்ளைகளும் வாசித்த மெட்டுகள் அச்சேறிவிட்டன. ஆனால் அவரைப்போல் பேர் பெறாத வயலின்காரர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். தாம் கேட்ட மெட்டையும் தாமே கட்டிய மெட்டையும் கைப்பட நோட்டுகளில் எழுதி வைத்தார்கள். டேவிட் யங் என்ற எழுத்தாசிரியர் 1740ஐ ஒட்டி மக்ஃபார்லன் என்ற பிரபுவுக்காக மூன்று தொகுதிகளாக மெட்டுகளை எழுதிக்கொடுத்தார். முதல் தொகுதி தொலைந்துபோனது. மற்ற இரண்டும் இன்று ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்ட கையெழுத்து நோட்டுகளைத் தேடி எடுத்து மீண்டும் வாசிப்பதை அங்கே பலர் தம் வாழ்நாள் வேலையாகவே செய்கிறார்கள்.

இன்னொரு தொடர்பும் உண்டு. லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், கின்கார்டின்ஷயரில் பிறந்தவர். ஸ்ட்ராத்ஸ்பே மெட்டுகளின் அரசர் என்று கொண்டாடப்பட்ட ஜேம்ஸ் ஸ்கொட் ஸ்கின்னர் (1843–1927) பிறந்ததும் அதே மாவட்டத்தில்தான். டெய்லர் கப்பலேறி 1852இல் இலங்கை வந்தபோது ஸ்கின்னர் சிறு பிள்ளை. ஸ்கின்னரின் கையெழுத்து மெட்டுகள் அபர்தீன் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. டெய்லர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவின் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1892இல் டெய்லரின் உடலை லூல்கந்துரையிலிருந்து கண்டி வரைக்கும் தோளில் சுமந்துபோன தொழிலாளரின் பாட்டுகளுக்கு அப்படியோர் அலமாரி கிடைக்கவில்லை.

அவர்களுடைய பாட்டு எங்கே இருந்தது, யார் எழுதி வைத்தார்கள் என்பதுதான் இந்த இதழின் விஷயம்.

அச்சில் முதலில் கிடைப்பது 1869ஆம் ஆண்டின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. எழுதியவர் ஆபிரகாம் ஜோசப், கோப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். காடழிப்பதிலிருந்து பழம் பறிப்பது வரை தோட்ட வேலை முழுவதையும் கும்மியாகப் பாடியிருக்கிறார். அதில் பார்க்கும் கண் துரையின் கண். சாக்குப் போர்த்திக்கொண்டு மழையில் நின்றவரின் கண் இல்லை. மு. நித்தியானந்தன் தன் ‘கூலித் தமிழ்’ நூலில் (க்ரியா, 2014) இதை விரிவாக எடுத்துப் பேசியிருக்கிறார். அந்த நூல் வந்திராவிட்டால் இந்தக் கும்மி நம்மில் பெரும்பாலோருக்கு வெறும் தலைப்பாகவே இருந்திருக்கும். கோப்பி இலைகளில் கருகல் நோய் தென்பட்டதும் அதே 1869இல்தான். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. கோப்பியைப் பாடிய அந்தப் பாட்டும் பேச்சிலிருந்து போய்விட்டது.

இருந்தாலும் இசையைத் தேடுகிறவருக்கு அந்தப் புத்தகம் ஒரு வழி காட்டுகிறது. ‘கும்மி’ என்று தலைப்பில் இருந்தால் போதும். வட்டமாக நின்று கைகொட்டிப் பழகிய எந்தப் பெண்ணும் அதைப் பாடிவிடுவாள். ஸ்வரம் எழுத வேண்டியதில்லை, தாளம் குறிக்க வேண்டியதில்லை. சிந்து, தாலாட்டு, ஒப்பாரி, லாவணி எல்லாமே அப்படித்தான். பாட்டு எழுதப்பட்ட காகிதத்தில் மெட்டு இருக்காது. மெட்டின் பெயர் மட்டும் இருக்கும். மெட்டு பாடுகிறவரிடம் இருக்கும். ஸ்கொட்லாந்து வயலின்காரர் சொல்லில்லாத மெட்டை எழுதி வைத்தார். நம் ஆள் மெட்டில்லாத சொல்லை எழுதி வைத்தார். இந்த ஒரு வேற்றுமையிலிருந்துதான் பின்னால் வந்த இழப்பு முழுவதும் கிளைக்கிறது.

நம்முடைய கையெழுத்து நூல்கள் கூத்து வாத்தியார்களின் கொப்பிகள். அவற்றிலும் முதன்மையானவை காமன் கூத்துக் கொப்பிகள்.

மாசி மாதம் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். கரும்பும் கொம்பும் வைக்கோல் பிரியும் சேர்த்துக் கட்டிய கம்பம். அதற்கென்றே ‘காமன் பொட்டல்’ என்று ஓரிடம் பல தோட்டங்களில் இன்றும் இருக்கிறது. அன்றிலிருந்து பௌர்ணமி வரை இரவுதோறும் ஆட்டம். ரதியும் மதனும் வேடம் கட்டும் இளைஞர்கள் விரதம் இருப்பார்கள். தட்சன், தூதன், வீரபத்திரன், குறவன், குறத்தி, எமன் என்று ஒவ்வொருவராக வருவார்கள். சிவனுடைய தவத்தைக் கலைத்த மன்மதன் எரிவான். ரதியின் ஒப்பாரி நடுச்சாமத்தில் மலைச்சரிவு முழுவதும் கேட்கும். மூன்றாம் நாள் அவன் எழுவான். பகல் முழுவதும் கொழுந்தெடுத்துவிட்டு வந்தவர்கள் விடிய விடியப் பனியில் உட்கார்ந்து இதைப் பார்த்தார்கள். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அப்படியே. தபசு மரத்தில் அருச்சுனன் ஒவ்வொரு படியாக ஏறி ஒவ்வொரு பாட்டாகப் பாடி முடிக்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

இத்தனை இரவுகளுக்கும் வேண்டிய விருத்தமும் தருவும் வசனமும் ஒரே மனிதரின் தலையில் இருக்க முடியாது. எனவே கொப்பி. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களிலிருந்து கொஞ்சம், குருநாதரின் கொப்பியைப் பார்த்து எழுதியது கொஞ்சம், வாத்தியார் தாமே கட்டியது கொஞ்சம். பெயர்த்தெழுதிப் பெயர்த்தெழுதி மூன்று நான்கு தலைமுறை தாண்டிய கொப்பிகள் இருக்கின்றன.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வயதான வாத்தியார் ஒருவர் தம் கொப்பியை என் கையில் தந்தார். தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. அட்டை முழுவதும் கற்பூரப் புகை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே ‘சிவமயம்’, அதற்குக் கீழே தோட்டத்தின் பெயரும் டிவிசனும் குருவின் பெயரும். தம் பெயரை அவர் எழுதவேயில்லை. உள்ளே ‘ர’ என்றால் ரதி, ‘ம’ என்றால் மதன், ‘தூ’ என்றால் தூதன். ரதி புலம்பும் இடத்தில் ஒரு தருவுக்கு மேலே சிறிய எழுத்தில் மெட்டுக் குறிப்பு இருந்தது: தியாகராஜ பாகவதர் பாடிய ஒரு பாட்டின் முதல் இரண்டு சொற்கள். அதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் வேறு மையில் எம்.ஜி.ஆர். படப் பாட்டொன்றின் முதல் சொல் எழுதப்பட்டிருந்தது. பாகவதர் பாட்டு அடுத்த தலைமுறைப் பையன்களுக்குத் தெரியாது. தெரிந்த பாட்டைச் சொன்னால்தான் பிடித்துக்கொள்வார்கள் என்று அவர் மாற்றியிருக்கிறார். பாகவதர் பாட்டுக்கு முன்னால் அதே தருவை எந்த மெட்டில் பாடினார்கள் என்று கேட்டேன். அவர் உடனே பாடிக் காட்டினார். அது எந்தப் படத்திலும் இல்லாத மெட்டு. அவருடைய குரு பாடிய மெட்டு. கொப்பியில் அதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

அந்தப் பக்கத்தை நான் படமெடுத்து வந்திருந்தால் எனக்குக் கிடைத்திருப்பது எம்.ஜி.ஆர். காலம் வரைதான். அதற்கு அடியில் இருந்த மெட்டு, அவர் வாய் திறந்ததால் கிடைத்தது. கொப்பியைக் கண்டுபிடித்துவிட்டால் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

கூத்துக் கொப்பியை விட்டு வெளியே வந்தால் அரசியல் பாட்டு. கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியதை முன்பே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். அவருடைய கூட்டங்களில் முதலில் மேடையேறியவர் அவர் மனைவி மீனாட்சியம்மாள். பாரதியைப் பாடுவார், பிறகு தாமே எழுதியதைப் பாடுவார். தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு என்றிருந்த காலம் அது. துண்டுப் பிரசுரம் கொடுத்தாலும் படிக்கத் தெரிந்தவர் லயத்துக்கு ஒருவர் இருவர்தான். ஒரு பாட்டு மட்டும் கேட்டவரின் வாயில் ஏறி, கணக்கப்பிள்ளைக்குத் தெரியாமல் மலைக்கு மலை போய்விடும். 1939இல் அரசாங்கம் இந்தியத் தினக்கூலித் தொழிலாளரை வேலையிலிருந்து நிறுத்தத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1940இல், மீனாட்சியம்மாளின் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகம் வெளியானது. அந்த நெருக்கடியைப் பற்றி அரசாங்கக் கோப்புகளும் பேரவை விவாதங்களும் கட்டுக்கட்டாக உண்டு. லயத்திலிருந்தவர் என்ன உணர்ந்தார் என்று அறிய எனக்கு அந்தச் சிறு புத்தகம் அவற்றைவிடப் பெரிது. தோட்ட மக்கள் முன் அரசியல் பாட்டுப் பாடிய முதல் பெண் என்ற நிலையில் அவருக்கு உரிய இடத்தை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் கொடுக்கவில்லை. இது சரியில்லை.

அவருக்குப் பின் வந்தவர்கள் துண்டுப் பிரசுரப் பாட்டுக்காரர்கள். கோவிந்தசாமித் தேவர், எஸ்.எஸ். நாதன், கா.சி. ரெங்கநாதன் போன்றவர்கள். சம்பள நாளில் கடைத்தெருவிலும், கோச்சியிலும், திருவிழாவிலும் பாடிப் பாடியே விற்றார்கள். சில சதம் விலை. கொலை, வெள்ளம், தொழிற்சங்கச் சண்டை, குடியுரிமை எல்லாம் பாட்டாயின. ஒவ்வொன்றின் தலையிலும் ‘வர்ணமெட்டு’ என்று ஒரு சினிமாப் பாட்டைக் குறித்திருப்பார்கள். அந்தத் தாள்கள் வெற்றிலை மடிக்கவும் அடுப்பு மூட்டவும் போயின. எஞ்சியவை மிகக் கொஞ்சம்.

இவ்வளவையும் மதித்துச் சேகரிக்க உட்கார்ந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் சென்ற 7 பேரில் ஒருவர். தலவாக்கலை அவர் தொகுதி. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. பாராளுமன்றக் கதவு மூடியபின் அவர் எழுத்தில் தன் மக்களுக்காக வாதாடினார். 1954இல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய நெடுங்கவிதை, தேயிலைத் தோட்டத்தை வெளியுலகம் படிக்கும்படி செய்தது. தொழிற்சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகப் போனபோதெல்லாம் தாலாட்டையும் தெம்மாங்கையும் ஒப்பாரியையும் கும்மியையும் எழுதிக்கொண்டார். அதன் பலன் 1983இல் வெளியான ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’. அடுத்த ஆண்டு, 1984இல், அவர் மறைந்தார்.

இந்தப் புத்தகம் இல்லையென்றால் கண்டிச் சீமைக்கு வந்த வழியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் குரல், கங்காணியின் கடன் துண்டு, குளிரில் விறைத்த விரல், இவையெல்லாம் பாட்டாக நமக்குக் கிடைத்திருக்காது. சி.வி.க்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது. அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்: அந்நூலில் நாம் படிப்பது சொற்களை. ஒரு தெம்மாங்கை அது பிறந்த தோட்டத்து மூதாட்டி எங்கே இழுத்தாள், எங்கே மூச்சை விட்டாள், எந்தச் சொல்லைக் குரலுக்குள்ளேயே விழுங்கினாள் என்பதைப் பக்கத்தில் அச்சிட முடியாது. சாரல் நாடன் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ எழுதினார். மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதினார். இருவரும் தங்கள் கைப்பொருளைச் செலவழித்து, ஓய்வு நாள்களில் பஸ் ஏறி அலைந்து இந்த வரலாற்றைக் காத்தவர்கள். அவர்களிடமும் இருந்தது பேனாதான்.

மெட்டைவிட மோசமாக விடுபட்டது தாளம். அதாவது தப்பு என்ற தோல்கருவியின் அடி.

தோட்டத்தில் நாள் பிறந்ததே தப்பில்தான். விடியுமுன் ஆட்களை வேலைக்கு அழைக்கும் பெரட்டுத் தப்பு அடித்தால் லயங்களில் விளக்கு எரியும். சாமிக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, காமனுக்கு ஓர் அடி. காமன் கூத்தில் எமன் வரும்போது அடிக்கும் அடியும் ரதி வரும்போது அடிக்கும் அடியும் வேறு. ஆட்டக்காரன் தப்புக்காரனைப் பார்த்துத்தான் காலெடுத்து வைப்பான். பனி ஏறிய தோலில் ஓசை எழும்பாது. எனவே பொட்டலின் ஓரத்தில் சருகையும் வைக்கோலையும் கூட்டித் தீ மூட்டி, தப்பின் முகத்தை அதில் காட்டி, உள்ளங்கையால் தேய்த்து, விரலால் தட்டிப் பார்ப்பார்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று தலையசைப்பார்கள். அந்தச் சூடு எவ்வளவு என்று சொல்ல எந்த வாத்தியார் கொப்பியிலும் ஓர் எழுத்தில்லை. தப்பு அடித்தவர்களில் பலருக்குக் கொப்பியே இல்லை.

கூத்துப் பாட்டு வாத்தியாரின் பெயரில் எழுத்தில் நின்றது. தாளம் எந்தப் பெயரிலும் நிற்கவில்லை. காரணம் சாதி. தப்பு அடிப்பது ஒரு சாதியின் கடமை என்று விதித்துவிட்டு, அந்தக் கடமையையே அவர்களை ஒதுக்கக் காரணமாகவும் ஆக்கிய சமூகம் இது. கப்பலில் ஒன்றாக வந்தபோதும், ஒரே லயத்தில் குடியிருந்தபோதும் அது விடவில்லை. எனவே சாவு வீட்டில் இனித் தப்படிக்க மாட்டோம் என்று பல குடும்பங்கள் கருவியைக் கீழே வைத்தபோது, அது ஒரு விடுதலை. ‘கலை அழிகிறதே’ என்று அவர்களிடம் போய் வருந்த யாருக்கும் உரிமை கிடையாது. இன்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து இளைஞர்கள், பெண்கள் உட்பட, தப்பைத் தங்கள் விருப்பத்தோடு கையிலெடுக்கிறார்கள். ஊர்வலத்திலும் மேடையிலும் அடிக்கிறார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பழைய அடிகளை அறிந்த பெரியவர்கள் வேண்டும். அந்தப் பெரியவர்களுக்கு ‘வாத்தியார்’ என்ற மரியாதையும் கைச்செலவுக்குப் பணமும் சேர்ந்தே கிடைக்க வேண்டும்.

கொப்பிகள் எப்படிப் போயின என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1964 ஒக்டோபரில் நம் மக்களைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பங்கு. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஒரு கூத்துக் குழுவில் ரதி கட்டுபவன் போவான், மதன் கட்டுபவன் நிற்பான். வாத்தியார் போவார், தப்புக்காரர் நிற்பார். கொப்பி ஒரு கரையிலும் அதைப் பாடத் தெரிந்தவர் மறுகரையிலுமாக ஆனது. பிறகு 1977, 1981, 1983 இனக்கலவரங்கள். லயங்களுக்குத் தீ வைத்தபோது எரிந்த பெட்டிகளுக்குள் என்னென்ன கொப்பிகள் இருந்தன என்று யாரும் பட்டியல் எடுக்கவில்லை. தீயிலிருந்து தப்பியவை மழையிலும் கரையானிலும் போயின. தகரக் கூரை ஒழுகும் பத்தடி அறையில் ஒரு குடும்பம் வாழ்வதே பாடு. அங்கே காகிதம் எவ்வளவு நாள் நிற்கும்?

நம்பிக்கைக்கும் இடமுண்டு. நூலகம் நிறுவனம் 2005லிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி இணையத்தில் வைத்துவருகிறது. மலையக வெளியீடுகள் அதில் நிறையச் சேர்ந்துள்ளன. கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் லய அறைகளையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடைக்குப் பிறகு தாத்தாவின் பெட்டியைத் திறந்து பார்க்கும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களுமாகக் கைப்பேசியோடு தோட்டங்களுக்குப் போகிறார்கள்.

அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கொப்பியை மட்டும் படமெடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்தைத் திருப்பத் திருப்ப வாத்தியாரைப் பாடச் சொல்லுங்கள். அடித்து மாற்றிய மெட்டுக் குறிப்பு இருந்தால், அதற்கு முன் என்ன மெட்டு, அதற்கும் முன் என்ன மெட்டு என்று கேளுங்கள். அந்த இடத்துக்குரிய அடியைத் தப்புக்காரரை அடிக்கச் சொல்லிப் பதியுங்கள். அவர் பெயரையும் வாத்தியார் பெயருக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். தோட்டம், டிவிசன், குரு யார், கடைசியாக எந்த மாசியில் ஆடினார்கள் என்பதையும் குறியுங்கள். கொப்பியை வாங்கி வந்துவிடாதீர்கள். அது அடுத்த மாசிக்கு அவருக்கு வேண்டும்.

ஸ்கொட்லாந்து நோட்டுகளை இருநூறு ஆண்டு கழித்துத் திறந்தாலும் மெட்டு அதில் இருக்கிறது. நம் கொப்பிகளுக்கு அந்த அவகாசம் இல்லை. எழுபது வயதைத் தாண்டிய வாத்தியார்கள் அப்கொட்டிலும் பொகவந்தலாவையிலும் பூண்டுலோயாவிலும் இன்றைக்கு இருக்கிறார்கள். இந்த ஆண்டு மாசிக் கம்பம் ஊன்றும்போதே போகலாம்.

அடுத்த இதழில்: ஒப்பாரிக் கோச்சியில் ஏறி நீலகிரிக்குப் போனவர்களும், அவர்களோடு போன பாட்டுகளும்.